விறகுக் கப்பலில் வாங்கிவந்த கலியாண அனுமதி

சிரம்பானில் காலைப் பசியாறிவிட்டு பஸ் ஏறினால் மாலைத் தேநீர் சிங்கப்பூரில் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சிரம்பான் பக்கம் பாரோயில் என் வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு முறையாவது இதைச் சொல்லிவிடுகிறார். இவ்வளவு விரைந்து போய் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கடைக்குப் போனோம் என்கிறார்கள். நான் அதே சிங்கப்பூருக்குக் கடல் வழியாக, இரண்டு இரவுகள் பாயில் படுத்துக்கொண்டு போயிருக்கிறேன். கப்பல் என்றால் இரவில் போக வேண்டும், மெதுவாகப் போக வேண்டும் என்பது என் முடிவான கருத்து. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அந்த மெதுவான பயணத்துக்கு என்னைப் போல விலை கொடுத்தவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது.

அது ஜப்பான்காரன் காலம். போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி. வெள்ளைக்கார துரைகள் போன பிறகு பால்வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டிருந்தோம். ஆனாலும் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் இருக்கும்வரை கிராணி இருந்தாக வேண்டும். ரப்பருக்கு எழுதிய கணக்கைக் கிழங்குக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் இந்தியாவில் இருந்தார்கள். சண்டை தொடங்கியதிலிருந்து கடிதம் இல்லை. இந்த நாட்டில் எனக்கென்று இருந்தவர் தாய்மாமன் ஒருவர்தான். சிரம்பானுக்கு அருகில் இன்னொரு தோட்டத்தில் அவர் ஆஸ்பத்திரி டிரசர். மருந்து தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. காய்ச்சல்காரர்களின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல்தான் என்று உறுதி சொல்வது மட்டுமே அவருக்கு மிஞ்சிய வேலை. அத்தை இறந்துவிட்டார். மூத்தவள் ஒரு பெண், அவளுக்குக் கீழே மூன்று பையன்கள். அந்தப் பெண்ணை நான் கட்டிக்கொள்வது என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்தது. மாமா என்னை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார், அவள் 'மச்சான்' என்பாள். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். இங்கேதான் நடைமுறை உள்ளே வருகிறது. தமிழனுக்கு மாமன் மகள் உரிமைப் பெண். ரோமாபுரிக்கு அவள் இரத்த உறவு, கட்டக் கூடாது. இந்த இரண்டையும் சமாதானப்படுத்த ஒரு வழி வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், விலக்கு அனுமதி வாங்க வேண்டும். மனுவில் மாப்பிள்ளையின் பங்குச் சாமியாரும் பெண்ணின் பங்குச் சாமியாரும் ஒப்பமிட வேண்டும். அனுமதி வந்த பிறகு, மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதாவது அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பூசை நடுவே சாமியார் அறிவிப்பதுதான் ஓலை. மூன்றாவது ஓலைக்குப் பிறகு தாலி. இதில் ஒரு படியும் முன்பின் ஆகக் கூடாது என்பதை அந்த வயதிலேயே நான் ஊராருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கலியாணம் வைத்திருந்தவர்கள் சாமியாரிடம் போகும் முன்னால் என்னிடம் வந்து போவார்கள்.

எனக்கு அவசரம் வந்ததற்குக் காரணம் சயாம். ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லாரி வந்துகொண்டிருந்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை. மணமாகாதவர்களை முதலில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் மாமாவிடம் சொன்னேன். கலியாணத்தை இனியும் தள்ளிப்போட வேண்டாம், மனுவை அனுப்பிவிடலாம்.

மாமா உடனே ஒப்புக்கொண்டார். அவர் எதற்கும் உடனே ஒப்புக்கொள்கிறவர் அல்ல.

"தபால எல்லாம் நம்பிக்கிட்டு இருக்க முடியாது மாப்ள. நீயே நேர்ல போயி வாங்கிட்டு வந்துரு."

"ரயிலில் போனால் மறுநாள் அங்கே இருப்பேன்" என்றேன்.

"ரயிலா? அவன் பட்டாளத்த ஏத்திட்டு எடம் இருந்தாத்தான் மனுசன ஏத்துவான். கெமாசு ஸ்டேசன்ல எறக்கி விட்டு, இந்தப் பக்கம் ஏறுன்னு சயாமுக்குத் திருப்பிட்டான்னா யாரக் கேக்குறது? போர்ட்டிக்சன்ல விறகுக் கப்பல் இருக்குல்ல. காத்தாட போ, காத்தாட வா. கலியாணத்துக்கு முன்ன நாலு நாள் கடல் காத்து ஒடம்புக்கும் நல்லது லா."

பெண் பக்கத்துச் சாமியாரின் ஒப்பம் வேண்டுமே என்று கேட்டேன். நான் ஒரு கோவிலின் பங்கு, மாமா தோட்டம் வேறு கோவிலின் பங்கு. என் சாமியாரிடம் நான் வாங்கி வைத்திருந்தேன்.

"எங்க சாமியார் கோலாலம்பூர் போயிருக்காரு. வந்ததும் நான் கையெழுத்து வாங்கி, பின்னாலயே தபால்ல அனுப்பிடுறேன். நீ பொறப்படு."

தபாலை நம்ப முடியாது என்று சொன்ன அதே வாய், மூச்சு மாறுவதற்குள் தபாலில் அனுப்புவதாகச் சொன்னது. நடைமுறை தெரிந்தவன் என்று பேரெடுத்திருந்த நான் தலையாட்டினேன்.

அவள் ஒரு தகரப்பெட்டியில் வறுத்த மரவள்ளியும் நெத்திலிச் சம்பாலும் வைத்துக் கொடுத்தாள். பெட்டியைக் கையில் தரும்போது என்னைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கப்பலுக்கு முன்பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஏதோ பெயர் எழுதியிருந்தது. யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எண்ணெய் கிடைக்காத காலம். ரப்பர் மரத்தை வெட்டிக் கொதிகலனில் போட்டு ஓட்டினார்கள். அதனால் விறகுக் கப்பல். எங்கள் தோட்டத்தில் பால் கொடுத்த மரங்கள் சிலவும் அதில் எரிந்திருக்கும். ஓட்டியவர் ஒரு கிழட்டுச் சீனர். தைக்கோங் என்றால் கப்பலோட்டி. எல்லாரும் அவரை அப்படியே அழைத்தார்கள். புறப்படும் நேரம் என்ன என்று நான் கேட்டேன். ஜப்பான்காரன் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்ததால், எந்த நேரத்தைச் சொல்கிறார் என்றும் தெளிவுபடுத்தச் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கடலைக் காட்டினார். தண்ணீர் ஏறும்போது என்று பொருள்.

தண்ணீர் ஏறியது. கப்பல் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிளம்பியது.

அதில் பயணச் சீட்டுக்கு இருக்கை எண் கிடையாது. மேல்தட்டில் நீங்கள் பாய் விரிக்கும் இடம் சிங்கப்பூர்வரை உங்கள் வீடு. செருப்பை எங்கே கழற்றி வைக்கிறீர்களோ அங்கே உங்கள் வாசல். பக்கத்துப் பாய்க்காரர் அதைத் தாண்டி வரும்போது சற்றுக் குனிந்து, கையை முன்னால் நீட்டி, மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கடந்தார். இதை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஒருவரும் மீறவில்லை. சட்டமும் விதியும் என் உத்தியோகமாக இருந்த பிற்காலத்தில்கூட, இவ்வளவு ஒழுங்காக நடந்த ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் எனக்குப் பிடிபடவில்லை, எது இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று. காற்று கரையிலும் இருக்கிறது. வானமும் இருக்கிறது. சூரியன் சுமத்ரா பக்கம் இறங்கி, கடல் செம்மண் நிறமாகி, பிறகு ஈய நிறமாகிக்கொண்டிருந்தபோது ஒரு தமிழ்க் குடும்பத்துத் தகப்பன் எழுந்து நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிச் சோம்பல் முறித்தான். அப்போதுதான் விளங்கியது. இங்கே சென்ட்ரி, அதாவது ஜப்பான் காவல் சிப்பாய், இல்லை. போர்ட்டிக்சன் பாலத்தைத் தாண்டினால் ஒரு சென்ட்ரி, சிரம்பான் முனையில் ஒரு சென்ட்ரி, ஒவ்வொருவனுக்கும் சைக்கிளை விட்டு இறங்கி இடுப்பு வளையக் கும்பிட வேண்டும். வளைவு போதாவிட்டால் கன்னத்தில் அறை. நடுக்கடலில் கும்பிட யாரும் இல்லை. முதுகு நேராக இருந்தது. அவ்வளவுதான் அந்தச் சுகம். மெதுவாகப் போகிற கப்பலில் அது அதிக நேரம் கிடைத்தது.

என் பக்கத்துப் பாய் ஒரு முஸ்லிம் பெரியவருடையது. எல்லாருக்கும் அவர் பாய். பாய்க்குப் பக்கத்தில் பாய் என்று அவரே சிரித்தார். மூவாரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அரிசி இல்லாத ஊரில் சாப்பாட்டுக்கடை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"கடைன்னு பலகை இருக்கு, பெஞ்சு இருக்கு. சோறு மட்டுந்தான் இல்ல. ஆளுங்க வந்து ஒக்காந்து, முன்ன என்னென்ன சாப்புட்டோம்னு பேசிட்டு, மரவள்ளியத் தின்னுட்டுப் போறாங்க. பேச்சுக்கும் சேத்துத்தான் துட்டு வாங்குறேன்."

பிறகு என் முறை வந்தது.

"தம்பி பாத்தா படிச்ச ஆளாட்டம் இருக்கீங்க. ரயில்ல போனா நாளக்கிக் காலம்பர அங்க. இதுல வாறீங்க. யாரும் தொரத்துறாங்களா?"

"கலியாணத்துக்கு அனுமதி வாங்கப் போகிறேன்."

விளக்கினேன். மாமன் மகள், இரத்த உறவு, விலக்கு, மேற்றிராணியார். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"எங்கள்ல மாமன் மவள கட்ட மாமன்கிட்ட கேட்டாப் போதும். ஒங்களுக்கு மாமனுக்கு மேல ஒரு மாமனா?"

சுற்றியிருந்த பாய்களிலிருந்து சிரிப்பு வந்தது. இருட்டிவிட்டது. விளக்கு ஏற்றக் கூடாது என்று உத்தரவு. கடலில் எதிரி நீர்மூழ்கிகள் இருக்கிறதாகச் சொன்னார்கள். ராச்சாடோ முனையின் கலங்கரை விளக்கமும் அணைந்திருந்தது. ஒரு கருப்பு மேடாகக் கடந்து போயிற்று. முகம் தெரியாத குரல்களாக எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். யார் கிராணி, யார் பால்வெட்டி, யார் முதலாளித் தவுக்கே என்பது இருட்டில் இல்லை. ஒரு பெண்குரல் தன் குழந்தைக்கு, அது பார்த்தே இராத ஆப்பத்தை எப்படிச் சுடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"கப்பல்ல போகச் சொன்னது யாரு தம்பி?" பாயின் குரல்.

"மாமாதான்."

"நல்ல மாமா லா" என்றார். சற்று நேரம் கழித்து இன்னொரு தடவை, "நல்ல மாமா" என்றார். நான் ஆமாம் என்றேன்.

விடிந்தபோது மலாக்கா. கப்பல் வெகுதூரத்தில் நின்றது. சம்பான் படகில் வந்து வறுத்த சோளத்தில் போட்ட காப்பி விற்றார்கள். அதன் ருசி மோசம், சூடு நன்றாக இருந்தது. மூவார் ஆற்றுவாயில் தண்ணீர் ஏறுவதற்காக அரை நாள் காத்திருந்தோம். பாய் அங்கே இறங்கிக்கொண்டார். நான் வாளியில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு குளித்தேன், பெட்டியிலிருந்து மரவள்ளியைத் தின்றேன், பத்துப் பஹாட் மலை நெருங்குவதை ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். காத்திருப்பது ஒரு வேலையாக இல்லாமல், அதுவே பொழுதாக இருப்பதை அன்றுதான் அறிந்தேன். ஆபீசில் நான் பிறரைக் காக்க வைத்துத்தான் பழக்கம்.

மேற்றிராணியார் ஆபீசில் செயலாளராக இருந்தவர் ஒரு வெள்ளைக்காரச் சாமியார். பாண்டிச்சேரிப் பக்கம் பல காலம் இருந்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

"பெண்ணுடைய பங்குச் சாமியார் ஒப்பம் இல்லையே?"

"பின்னால் வருகிறது, சாமி."

"பின்னால் வரட்டும். பின்னால் அனுமதியும் வரும்."

நடைமுறைப்படி அவர் சொன்னது சரி. என்னிடம் இப்படி ஒரு மனு வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். தினமும் போய் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிறு போயிற்று, இன்னொரு ஞாயிறும் போயிற்று. மாமாவின் தபால் வரவில்லை. சண்டைக்காலத்துத் தபாலை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் சாமியாருக்கே இரக்கம் வந்துவிட்டது. பெண் பக்கத்துக்கு நானே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

"பெண்ணுக்கு முழுச் சம்மதமா?"

"முழுச் சம்மதம், சாமி."

"அவளே சொன்னாளா?"

"உரிமைப் பெண், சாமி. சொல்லத் தேவையில்லை."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். முத்திரை விழுந்தது.

அன்று ஒரு வேடிக்கை நடந்தது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரருக்கு ரயிலில் வேலை. நாளை இரவு புறப்படும் சரக்கு வண்டியில் ஒரு மூலை தருகிறேன், ஞாயிறு விடியும்போது சிரம்பானில் இறங்கிவிடலாம் என்றார். கையில் அனுமதி, எதிரே ரயில். ஆனால் துறைமுகத்தில் விறகுக் கப்பல் நிற்கிறது, அதுவும் நாளைதான் கிளம்புகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். ரயிலில் நெரிசல், சோதனை, கும்பிடு. கப்பலில் ஒரு பாயும் இரண்டு இரவுகளும். அவசரம் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நினைத்தேன். மாமா என்னைக் கப்பலில் போகத்தான் வைத்தார். கப்பலிலேயே திரும்பியது என் விருப்பம்.

திரும்பும் பயணம் போன பயணத்தைவிட நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் மூவார் ஆற்றுவாயில் தண்ணீருக்காக நின்றோம். கோவில் இல்லாத ஞாயிறு. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இந்நேரம் சிரம்பானில் பூசை நடக்கும் என்று எண்ணினேன். அது சரியான எண்ணம். அந்தப் பூசையில்தான் மூன்றாவது ஓலையை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் போர்ட்டிக்சனில் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக மாமா தோட்டத்துக்குப் போனேன். டிரசர் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். முறத்தில் அரிசி. கிழங்கு மாவோ குருணையோ அல்ல, வெள்ளை அரிசி. சுவரோரம் ஒரு கோணி நிறைய இருந்தது. அந்த நிறத்தை நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. எனக்குத் தோன்றியது இதுதான்: மாமா எப்படியோ என் கலியாணத்துக்கு அரிசி சேர்த்துவிட்டார்.

"வந்துட்டீங்களா கிராணி" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் முறத்தைப் பார்த்தார்கள்.

"அனுமதி கிடைத்துவிட்டது" என்று அவர்களிடமும் சொன்னேன். மேலதிகாரியிடம் சொல்வதுபோல் சத்தமாகவே சொன்னேன்.

மாமா உள்ளேயிருந்து வந்தார். தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"உக்காருங்க தம்பி" என்றார்.

தம்பி. அதுவும் 'உக்காருங்க'. அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதியை அவர் சொன்னது கோப்புக்கு இணைப்புச் சேர்ப்பது மாதிரிதான். மாப்பிள்ளை சிரம்பான் லோபாக்கில் இருக்கிறவன். அரிசிப் பங்கீட்டு ஆபீசில் கிராணி. மனைவியை இழந்தவன், பிள்ளை இல்லை. நான் கேட்கப் போவதற்கு முன்பே பேச்சு முடிந்திருந்தது. நான் கப்பலில் ஏறிய வாரமே முதல் ஓலை. மாப்பிள்ளை பங்கிலும் பெண் பங்கிலும் மூன்று ஞாயிறும் முறையாக வாசித்தாயிற்று. ஒருவரும் தடை சொல்லவில்லை. தடை சொல்லக் கூடியவன் ஊரில் இல்லை. நாளைக்குத் தாலி. எந்த இடத்திலும் ஒரு படி தவறவில்லை.

"சாமியார் கோலாலம்பூர் போயிருந்ததாகச் சொன்னீர்களே?"

"போயிருந்தாரு. மறுநாளே வந்துட்டாரு."

"எனக்கு வாக்குக் கொடுத்தீர்கள், மாமா."

"குடுத்தேன். இல்லேன்னு சொல்லல. நாளைக்கி லாரி வந்து நிக்கும். ஒங்களத்தான் மொதல்ல ஏத்துவான். அப்புறம் எம் மவள யாரு பாக்குறது?"

"கலியாணம் ஆனவனை ஏற்றமாட்டான். அதற்குத்தானே போனேன்!"

"ஏத்தமாட்டேன்னு ஒங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கானா?"

எழுதிக் கொடுத்ததை மட்டும் நம்ப வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். வாக்குறுதி என்றாலும் நடைமுறையில் ஒரு விதி உண்டு. இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு, சாமியார் சாட்சி போட்டிருந்தால்தான் அது கணக்கில் வரும். எங்கள் இருபது ஆண்டுப் பேச்சில் ஒரு வரிகூடத் தாளில் இல்லை.

மாமாவின் குரல் இறங்கியது. "உள்ள போயி பயலுங்களப் பாரு. காலப் பாரு."

பையன்கள் மூவரும் உள்ளே பாயில் கிடந்தார்கள். கால்கள் வீங்கிப் பளபளத்தன. அரிசியும் பயறும் இல்லாமல் கிழங்கை மட்டும் தின்ற உடம்பின் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நான் போன ஞாயிறுகளில் அவர்கள் வாசலுக்கு ஓடி வராததை, வளர்ந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படியில் அவள் இருந்தாள். அவளும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அன்றைக்கு நான் புறப்பட்டபோதே தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

"உங்க அப்பா கட்டாயப்படுத்தினாரா?"

"இல்ல. அவங்க ஒங்ககிட்ட நேர்லயே சொல்லிடுறேன்னுதான் சொன்னாங்க. நாந்தான் வேணாம்னேன்." ஒரு கல்லை எடுத்துச் சுண்டிப் போட்டாள். "கப்பல்ல அனுப்பச் சொன்னதும் நாந்தான்."

"ஏன் கப்பல்?" என்று கேட்டேன்.

"ரயில்ல போனா சீக்கிரம் வந்துருவீங்க. வந்தா ஓலை வாசிக்கயில எந்திரிச்சு நிப்பீங்க. இந்தச் சட்டம், அந்தச் சட்டம்னு பேசுவீங்க. சாமியார் பயந்துருவாரு. அரிசி வராது."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"நீங்க என்னைக் கேட்டீங்களா மச்சான்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்ப்பதுபோல் கேட்டாள். வேதப் புத்தகத்தின் மேல் வைத்த என் கை அப்போது சட்டைப் பையில் அந்தத் தாளின் மேல் இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள மேற்றிராணியார் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

திரும்பப் போனேன். பின்னாலிருந்து கேட்டாள்.

"கப்பல் நல்லா இருந்துச்சா?"

குத்திக் காட்டுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். அவள் இந்த நாட்டில் பிறந்தவள், போர்ட்டிக்சன் கடலைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. நல்லா இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்ல எனக்கு அன்று எல்லா உரிமையும் இருந்தது.

"நல்லா இருந்தது" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு முறத்தைச் சாய்த்துப் புடைத்தாள்.

மறுநாள் கலியாணத்துக்குப் போனேன். போகாவிட்டால் ஊர் பேசும் என்பது ஒரு காரணம். கோவிலில் கடைசி வரிசையில் நின்றேன். தடை சொல்லும் கட்டம் முடிந்துபோனதால் அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. முகம் காட்டிவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சாப்பிட்டால் மாமா செய்ததை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

டிரசர் வீட்டுப் பின்னால் அண்டாவைத் திறந்தார்கள். வெந்த சோற்றின் ஆவி தோட்டம் முழுவதும் பரவியது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து நின்றார்கள். பேச்சு நின்றுவிட்டது. அவ்வளவு பேர் இருந்தும் அவ்வளவு அமைதி. நான் சைக்கிளில் ஒரு காலை வைத்திருந்தேன்.

எப்போது பந்தியில் உட்கார்ந்தேன் என்பது நினைவில் இல்லை. வாழையிலையில் சோறு விழுந்தது. மாப்பிள்ளையே பரிமாறிக்கொண்டு வந்தார். வழுக்கை விழுந்த தலை, நல்ல மனிதருக்குரிய முகம். அவருக்கு என்னைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"டிரசரோட அக்கா மகன்தான நீங்க? நல்லாச் சாப்பிடுங்க தம்பி. வெக்கப்படாதீங்க."

குழம்பு வருவதற்கு முன்பே வெறுஞ்சோற்றைப் பிசைந்து வாயில் போட்டேன். சூடு நாக்கைச் சுட்டது. இலையைத் துடைத்ததுபோல் காலி செய்தேன். அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டிருந்தார். நான்தான் கையைத் தூக்கி அவரைத் திரும்பக் கூப்பிட்டேன்.